மேன்ஸ்ஃபீல்டு பிரபு முதல் தர்மபுரி வரை: இன்சூரன்ஸ் வழக்குகளின் கதை

பாப்பாரப்பட்டின்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வர்றது சுப்பிரமணிய சிவாதான். 1908ல் வ.உ.சி.யோடு கைதாகி, சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். கடைசிக் காலத்தில் இங்கே ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டு, 1923ல் சித்தரஞ்சன் தாஸை வைத்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23ம் தேதி இங்கேயே கண்ணை மூடினார். இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கு.

அவர் காலத்துச் சுதேசி இயக்கத்துக்கும் நம்ம வீட்டு பீரோவில் இருக்கிற இன்சூரன்ஸ் பாலிசிக்கும் சம்பந்தம் இருக்குங்கிறது பாடப் புத்தகத்தில் இல்லை. 1906ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பமாச்சு இல்லீங்களா, அதே வருஷம் சென்னையில் 'யுனைடெட் இந்தியா'ன்னு ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஆரம்பித்தார்கள். கல்கத்தாவில் 'நேஷனல்', லாகூரில் 'கோ-ஆபரேட்டிவ் அஷ்யூரன்ஸ்'. அடுத்த வருஷம் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்து வீட்டின் ஓர் அறையில் 'ஹிந்துஸ்தான் கோ-ஆபரேட்டிவ்' பிறந்தது. வெள்ளைக்காரன் கம்பெனிக்கு ஏன் பிரிமியம் கட்டணும், நம்ம காசு நம்மகிட்டயே இருக்கட்டும்கிற எண்ணம்தான். கப்பல் கம்பெனி நொடித்துப் போச்சு. இன்சூரன்ஸ் கம்பெனிகள் நின்றன. மவுண்ட் ரோட்டில் நிற்கிற எல்.ஐ.சி. கட்டடமே யுனைடெட் இந்தியாக்காரங்க ஆரம்பித்த வேலைதான். நாட்டுடமை ஆனதால் 1959ல் அது எல்.ஐ.சி. பேரில் முடிந்தது.

இப்படி தேசபக்தியோடு பிறந்த தொழிலில், பணம் கட்டினவன் செத்த பிறகு அவன் பெண்டாட்டி ஏன் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கு? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் இது புரியும்.

ஒரு கோட்டையும் ஒரு தீர்ப்பும்

உலகம் முழுக்க இன்சூரன்ஸ் வழக்குகளில் அடிபடுகிற ஒரு லத்தீன் வார்த்தை உண்டு. தமிழில் சொன்னால் 'அதிகபட்ச நல்லெண்ணம்'. அதாவது, பாலிசி எடுக்கிறவன் தனக்குத் தெரிந்த முக்கியமான விஷயத்தை எல்லாம் கேட்காமலேயே சொல்லிவிட வேண்டும். சாதாரண வியாபாரத்தில் இந்தக் கடமை கிடையாது. மாட்டுச் சந்தையில் மாடு விற்கிறவன் அதோட குறையை எல்லாம் தானாக ஒப்பிக்க வேண்டாம், வாங்குகிறவன்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கணும். இன்சூரன்ஸில் மட்டும் நேர் எதிர்.

இந்தத் தத்துவத்துக்கு மூலம் 1766ல் லண்டனில் மேன்ஸ்ஃபீல்டு பிரபு சொன்ன கார்ட்டர் - போஹம் தீர்ப்பு. சம்பவம் நடந்தது நம்ம ஆசியாவில். சுமத்ராத் தீவில் பெங்கூலன் என்கிற இடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு கோட்டை இருந்தது, பேர் மார்ல்பரோ. அதன் கவர்னர் ஜார்ஜ் கார்ட்டர், 'எதிரிகள் கோட்டையைப் பிடித்துவிட்டால் நஷ்ட ஈடு வேணும்'னு லண்டனில் தன் சகோதரர் மூலமாக பாலிசி எடுத்தார். 1760ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். பணம் கேட்டால், பாலிசி கொடுத்த போஹம் மாட்டேன் என்றார். கோட்டை பலவீனமாக இருந்தது, பிரெஞ்சுக்காரன் வருவான்னு கவர்னருக்குத் தெரியும், எங்ககிட்ட மறைத்துவிட்டார் என்பது அவர் வாதம்.

மேன்ஸ்ஃபீல்டு அந்தத் தீர்ப்பில்தான் நல்லெண்ணத் தத்துவத்தை விளக்கமாகச் சொன்னார். ஆனால் ஜெயித்தது யார்? கவர்னர் கார்ட்டர்! 'போர் நடக்கிற காலம், கோட்டையைப் பற்றிய பாலிசி, கவர்னர் எங்கேயோ இருக்கிறார். இதெல்லாம் தெரிந்தும் ஒரு கேள்வியும் கேட்காமல் பிரிமியத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாய். இப்போ நஷ்டம் வந்ததும் மறைத்துவிட்டான்னு சொல்கிறாயே' என்பதுதான் நீதிபதி சொன்னதன் சாரம். நல்லெண்ணம் இரண்டு பக்கத்துக்கும் பொது, கம்பெனிக்கும் அந்தக் கடமை உண்டு.

பின்னால் வந்த 200 வருஷத்தில் கம்பெனிகள் தீர்ப்பின் முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. இரண்டாவது பாதியை நீதிமன்றம்தான் அப்பப்போ ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு.

45வது பிரிவு

இந்தியாவில் ஆயுள் காப்பீட்டுக்குத் தனிச் சட்டம் முதலில் வந்தது 1912ல். அது பெரும்பாலும் கம்பெனி கணக்கு வழக்கு சம்பந்தப்பட்டது. பாலிசிதாரருக்கு உருப்படியாக ஒரு கவசம் கிடைத்தது 1938ம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தில், அதுவும் அதன் 45வது பிரிவில்.

அதுவரைக்கும் நிலைமை என்னன்னா, ஒருத்தர் 20 வருஷம் பிரிமியம் கட்டி செத்துப்போனாலும், 'அன்னிக்கு ஃபாரத்தில் எழுதினது தப்பு'ன்னு கம்பெனி கிளம்பலாம். உயிரோடு இருந்தால் அவர் பதில் சொல்வார். செத்தவர் எப்படிச் சொல்வார்? அதனால் சட்டம் ஒரு கோடு போட்டது. பாலிசி எடுத்து 2 வருஷம் ஆனபிறகு, விவரம் தவறுங்கிற ஒரே காரணத்துக்காகக் கம்பெனி மறுக்க முடியாது. மறுக்கணும்னா மோசடியை நிரூபிக்கணும்.

இதன் அர்த்தத்தை உச்ச நீதிமன்றம் 1962ல் மித்தூலால் நாயக் வழக்கில் பிரித்து வைத்தது. மூன்று நிபந்தனை. ஒன்று, சொன்ன பொய்யோ மறைத்த விஷயமோ முக்கியமானதாக இருக்கணும். இரண்டு, மோசடி எண்ணத்தோடு செய்திருக்கணும். மூன்று, சொல்லும்போதே அது பொய்னு பாலிசிதாரருக்குத் தெரிந்திருக்கணும். மூன்றையும் நிரூபிக்க வேண்டியது கம்பெனி. இன்னிக்கும் எந்த வக்கீல் ஆயுள் காப்பீட்டு வழக்கை எடுத்தாலும் முதலில் புரட்டுகிற தீர்ப்பு இதுதான்.

அந்த வழக்கின் கதையைப் பாருங்க. பாலிசி 1945ம் வருஷத்தது, தொகை 25,000 ரூபாய். இடையில் காலாவதியாகி 1946 ஜூலையில் புதுப்பிக்கப்பட்டது. அந்த வருஷ நவம்பரிலேயே அவர் இறந்துவிட்டார். பாலிசியை எழுதி வாங்கியிருந்தவர் பணம் கேட்க, 1947 அக்டோபரில் கம்பெனி கையை விரித்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர 1962 ஆச்சு. பாலிசி கொடுத்த கம்பெனியே அதற்குள் நாட்டுடமையாகி எல்.ஐ.சி.யில் கரைந்து போச்சு!

கம்பெனி தரப்பு, 'புதுப்பித்ததும் புது ஒப்பந்தம், 2 வருஷத்தை அங்கேயிருந்து எண்ணணும்'னு வாதாடிப் பார்த்தது. நீதிமன்றம் ஒத்துக்கலை, முதல் பாலிசி தேதிதான் கணக்கு என்றது. ஆனாலும் பாலிசித் தரப்பு தோற்றது. இறந்தவர் 1943லேயே ரத்தசோகை, கால்வீக்கம், மூச்சுத் திணறலுக்கு ஒரு டாக்டரிடம் சிகிச்சை எடுத்திருந்தார், அதை மறைத்திருந்தார், மோசடி நிரூபணம் ஆச்சு. ஆக, தோற்றுப் போன ஒரு வழக்கு பின்னால் வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆயுதமாச்சு.

2015ல் நாடாளுமன்றம் 45வது பிரிவைத் திருத்தி எழுதியது. (2014 டிசம்பர் 26லிருந்து அமல்.) இப்போ 2 வருஷத்துக்குப் பதில் 3 வருஷம். 3 வருஷம் தாண்டிவிட்டால் மோசடி உட்பட எந்தக் காரணத்தைச் சொல்லியும் மறுக்க முடியாது. கேட்க ரொம்ப நல்லாத்தான் இருக்கு. ஆனால் திருத்தத்தில் இரண்டு முள் இருக்கு, யாரும் சொல்வதில்லை.

முதல் முள்: அந்த 3 வருஷம் பாலிசி கொடுத்த தேதி, ரிஸ்க் ஆரம்பித்த தேதி, புதுப்பித்த தேதி, ரைடர் சேர்த்த தேதி, இதில் எது கடைசியோ அதிலிருந்து. 1962ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்ட அதே வாதம் சட்டமாகவே வந்துவிட்டது. 10 வருஷம் ஒழுங்காகக் கட்டி, ஒரு பஞ்சத்தில் விட்டுப்போய், திரும்பப் புதுப்பித்தால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும். மழையை நம்பிப் பிழைக்கிற நம்ம மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லைங்க.

இரண்டாவது முள்: 3 வருஷத்துக்குள் கம்பெனி மோசடின்னு சொன்னால், பாலிசிதாரர் உயிரோடு இல்லாத பட்சத்தில், அப்படி இல்லைன்னு காட்ட வேண்டிய சுமை வாரிசுகள் தலையில். கணவர் ஏஜென்ட்கிட்ட என்ன சொன்னார்னே தெரியாத மனைவி எதை வைத்து நிரூபிப்பார்? மோசடி இல்லை, வெறும் தவறான தகவல்னு சொல்லி மறுத்தால், கட்டின பிரிமியத்தை 90 நாளில் திருப்பித் தரணும். அதுவாவது மிச்சம்.

ஃபாரத்தை நிரப்பியது யார்?

நடைமுறையில் நம்ம பக்கம் எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஏஜென்ட் சொந்தக்காரராக இருப்பார், இல்லேன்னா தெரிந்தவராக இருப்பார். 'மாமா, இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒண்ணு. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்'. ஃபாரம் இங்கிலீஷில். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, ஆபரேஷன் ஆச்சா, எல்லாத்துக்கும் வரிசையாக 'இல்லை'. கையெழுத்துப் போட்டவர் படித்திருக்கவே மாட்டார்.

கோர்ட்டில் இது நிற்குமா? பொதுவாகக் கஷ்டம். கையெழுத்துப் போட்டால் அதில் இருப்பது உன் வார்த்தைதான் என்பது சட்டத்தின் பார்வை. 2019ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், முன்னாடியே வேறொரு கம்பெனியில் பெரிய பாலிசி எடுத்திருப்பதைச் சொல்லவில்லை என்பதற்காகக் கிளெய்ம் மறுக்கப்பட்டது. ஏஜென்ட் நிரப்பினார், எனக்குத் தெரியாது என்ற வாதம் எடுபடவில்லை, கம்பெனி ஜெயித்தது.

இதைத் தடுக்கத்தான் ஐ.ஆர்.டி.ஏ. 2002ல் கொண்டு வந்த பாலிசிதாரர் நலன் விதிகளில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஃபாரத்தை வேறொருத்தர் நிரப்பினால், உள்ளே இருப்பதை விளக்கிச் சொன்னாங்க, புரிந்துகொண்டேன்னு பாலிசி எடுக்கிறவரின் உறுதிமொழி கடைசியில் இருக்கணும். தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தும், கைநாட்டு வைத்திருந்தும் அப்படி ஓர் உறுதிமொழி இல்லேன்னா வக்கீல் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

எல்லா மறைப்பும் பெரிய மறைப்பு இல்லை என்றும் தீர்ப்புகள் வந்திருக்கு. 2015ல் ஒரு வழக்கு. இறந்தவருக்கு முதுகெலும்பில் பிரச்சினை இருந்தது, ஃபாரத்தில் சொல்லவில்லை. ஆனால் இறந்தது மாரடைப்பில். சாவுக்குச் சம்பந்தமில்லாத, உயிருக்கு ஆபத்தில்லாத நோயைச் சொல்லாததை வைத்துக் கிளெய்மை மறுக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021ல் மன்மோகன் நந்தா வழக்கில் இன்னும் ஒருபடி மேலே போனது. சர்க்கரை நோய் இருக்குன்னு ஒருத்தர் வெளிப்படையாகச் சொல்லியே வெளிநாட்டுப் பயண மெடிக்ளெய்ம் எடுத்தார். அமெரிக்காவில் இறங்கியதும் நெஞ்சுவலி. கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டதை மறைத்தார்னு கம்பெனி மறுத்தது. நோயாளின்னு தெரிந்தே பரிசோதித்துப் பாலிசி கொடுத்துவிட்டு, பின்னால் அந்த நோயையே காரணம் காட்டி மறுக்க முடியாதுன்னு தீர்ப்பு. மேன்ஸ்ஃபீல்டு 1766ல் சொன்ன இரண்டாவது பாதிதானே இது?

ஹெல்த் பாலிசிக்கும் இப்போ ஒரு கோடு உண்டு. தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால், மோசடின்னு நிரூபித்தால் ஒழிய, 'மறைத்தாய்'னு சொல்லிக் கிளெய்மை மறுக்க முடியாது. 2024க்கு முன்னாடி இது 8 வருஷமாக இருந்தது.

ஏஜென்டிடம் கொடுத்த பணம்

இந்த வழக்கைப் படித்தபோது எனக்கு ரொம்ப ஆற்றாமையாக இருந்தது. 1997ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1986ல் ஒருத்தர் எல்.ஐ.சி.யில் 25,000 ரூபாய்க்கு 4 பாலிசி எடுத்தார், விபத்துக்கு இரட்டிப்புப் பணம். அடுத்த வருஷம் தவணை தள்ளிப்போக, ஜூன் மாசம் ஏஜென்ட் வந்து பேரர் செக் வாங்கிப்போய் காசாக்கினார். ஆபீசில் கட்டவில்லை. ஆகஸ்ட் 9ம் தேதி பாலிசிதாரர் விபத்தில் இறந்தார். மறுநாள் ஏஜென்ட் ஓடிப்போய்ப் பணத்தைக் கட்டினார்.

மாநில ஆணையம் பணம் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையம் மாற்றியது. உச்ச நீதிமன்றமும், 'ஏஜென்டுக்குப் பிரிமியம் வாங்கும் அதிகாரம் கிடையாது, விதியிலேயே அப்படித்தான் இருக்கு. அவர் வாங்கியது எல்.ஐ.சி. வாங்கியதாகாது'ன்னு சொல்லிவிட்டது. பாலிசி காலாவதி. குடும்பத்துக்குக் கிடைத்தது கட்டின பிரிமியமும் அதற்கான வட்டியும் மட்டும்.

சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் ஊர் உலகத்தில் ஏஜென்டைத்தானே கம்பெனின்னு நினைக்கிறோம்? இன்னிக்கும் ரசீது இல்லாமல் ஏஜென்ட் கையில் காசு கொடுக்கிறவங்க இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

எங்கே போய்க் கேட்பது?

1956 ஜனவரி 19ம் தேதி ராத்திரி நிதியமைச்சர் சி.டி.தேஷ்முக் ரேடியோவில் ஆயுள் காப்பீட்டு நாட்டுடமையை அறிவித்தார். 154 இந்தியக் கம்பெனி, 16 வெளிநாட்டுக் கம்பெனி, 75 பிராவிடண்ட் சொசைட்டி, மொத்தம் 245ம் ஒன்றாகி செப்டம்பர் 1ல் எல்.ஐ.சி. ஆச்சு. அதற்கு முன் கம்பெனி திவாலானால் வழக்கில் ஜெயித்தும் பிரயோஜனமில்லை. அதன்பின் பாலிசிக்கு அரசாங்கமே உத்தரவாதம். பொதுக் காப்பீடு 1973 ஜனவரி 1 முதல் நாலு அரசுக் கம்பெனி ஆச்சு.

அரசு நிறுவனம் ஆனதால் ஹைகோர்ட்டில் ரிட் போடும் வழி திறந்தது. ஆனால் கதவு பாதிதான் திறந்திருக்கும். ஆஷா கோயல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: ரிட் போடவே கூடாதுன்னு இல்லை, ஆனால் நோய் இருந்ததா இல்லையா, மறைத்தாரா இல்லையா என்று சாட்சி விசாரிக்க வேண்டிய சண்டைக்கு சிவில் கோர்ட்டுதான் இடம்.

சிவில் கோர்ட்டுன்னா தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் தொகையில் ஏழரை சதவீதம். 1 லட்சம் கேட்கணும்னா 7,500 ரூபாய் முதலில் கட்டணும். சோறு போட்டவன் போய்ச் சேர்ந்த வீட்டில் இதை யார் கட்டுவது? 2017ல்தான் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். மறுத்த தேதியிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போடணும். பாலிசிக்குள்ளேயே 'மறுத்து 12 மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை போச்சு'ன்னு பொடி எழுத்தில் ஷரத்து வைப்பதும் ரொம்ப காலம் நடந்தது. 1997ல் ஒப்பந்தச் சட்டத்தின் 28வது பிரிவைத் திருத்தி அதற்கு ஒரு முடிவு கட்டினார்கள்.

பெரிய திருப்பம் 1986. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'சேவை'ங்கிற வார்த்தைக்கு விளக்கம் கொடுத்த இடத்திலேயே இன்சூரன்ஸ் பேரையும் சேர்த்துவிட்டார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. ஒரே சிக்கல், எங்கே வழக்குப் போடுவது என்பது. 2009ல் வந்த ஒரு தீர்ப்பில், அம்பாலாவில் குடோன் எரிந்து, பாலிசியும் அம்பாலாவில் எடுத்திருக்க, சண்டிகரில் கம்பெனிக்குக் கிளை இருக்கேன்னு அங்கே போட்ட வழக்கை நிராகரித்தார்கள். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019ம் வருஷத்துச் சட்டம் இதை மாற்றியது. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். கம்பெனி மும்பையில் இருக்கட்டும், பாலிசி பெங்களூரில் வேலை செய்தபோது எடுத்ததாக இருக்கட்டும், பாப்பாரப்பட்டிக்காரர் தர்மபுரி மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். என்னைக் கேட்டால் 100 வருஷத்தில் நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைத்த பெரிய சலுகை இதுதான். கால வரம்பு 2 வருஷம். எந்த ஆணையம் என்பதும் இப்போ கேட்கிற தொகையை வைத்து இல்லை, கட்டின பிரிமியத்தை வைத்து. 50 லட்சம் வரை மாவட்டம் என்பதால் நம்ம பாலிசி எல்லாமே மாவட்ட ஆணையத்துக்குள் வந்துவிடும். கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை.

ஆனால் ஆவணம் நிறைய, மோசடிக் குற்றச்சாட்டு சிக்கல்னு தோன்றினால், 'சிவில் கோர்ட்டுக்குப் போ'ன்னு ஆணையமே அனுப்பிவிடுவதும் உண்டு. 3 மாதத்தில் முடிக்கணும்னு சட்டம் சொன்னாலும் நடைமுறையில் வருஷக் கணக்குதான்.

1998ல் வந்த இன்னொரு வழி இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர், ஆம்புட்ஸ்மேன். நமக்கு ஆபீஸ் சென்னையில். செலவே இல்லை, வக்கீலும் கூடாது. முதலில் கம்பெனிக்கு எழுதணும். அது மறுத்தாலோ, ஒரு மாசம் பதில் இல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் இங்கே போகலாம். 50 லட்சம் வரை உத்தரவு போடலாம். அந்த உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது. பிடிக்கலேன்னா அப்புறமும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தலைகீழாகச் செய்ய முடியாது. கோர்ட்டிலோ ஆணையத்திலோ வழக்கு இருக்கும்போது குறைதீர்ப்பாளர் தொடமாட்டார். வரிசை முக்கியம்.

வண்டி, கையெழுத்து, நாமினி, பயிர்

வண்டி திருட்டு விஷயத்தில் ரொம்ப நாள் நடந்த சண்டை 'உடனே தெரிவிக்கணும்'ங்கிற நிபந்தனை. டிராக்டர் தொலைந்தால் முதலில் போலீசுக்குத்தானே ஓடுவோம்? 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் 3 நீதிபதிகள் பஞ்சாபில் திருட்டுப்போன ஒரு டிராக்டர் வழக்கில் இதை முடித்து வைத்தார்கள். அன்னிக்கே எஃப்.ஐ.ஆர். போட்டாச்சு, கம்பெனிக்குச் சொன்னது 52 நாள் கழித்து. திருட்டு உண்மைன்னு ஆனபிறகு தாமதத்தை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்பது தீர்ப்பு. ஐ.ஆர்.டி.ஏ. 2011லேயே இதைச் சுற்றறிக்கையாகச் சொல்லியிருந்தது. கம்பெனிகள் கேட்டால்தானே! போலீசுக்கே லேட்டாகப் போயிருந்தால் கதை வேறு, அது ஞாபகம் இருக்கட்டும்.

லைசென்ஸ் விஷயமும் தெளிவாயிருக்கு. கார் ஓட்டும் லைசென்ஸ் வைத்துக்கொண்டு சின்ன சரக்கு வண்டி ஓட்டினால் கிளெய்ம் கிடையாதுன்னு சொல்லிவந்தார்கள். 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு அந்த லைசென்ஸே போதும்னு 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புக் கொடுத்தது. தக்காளி ஏற்றி மார்க்கெட் போகிற வண்டிக்காரர்கள் கவனிக்க.

அடுத்து 'டிஸ்சார்ஜ் வவுச்சர்'. 2 லட்சம் நஷ்டம், சர்வேயர் 80,000 என்கிறார். முழுத் திருப்தின்னு கையெழுத்துப் போட்டால்தான் செக். அவசரத்துக்குப் போட்டுவிடுவோம். அதோடு எல்லாம் முடிந்ததா? இல்லை. கட்டாயப்படுத்தியோ ஏமாற்றியோ வாங்கின கையெழுத்து உரிமையைப் பறிக்காதுன்னு 1999ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கட்டாயம்னு நாம காட்டணும். பணம் வாங்கின சூட்டோடு 'எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்'னு ஒரு கடிதம் அனுப்பி, தபால் ரசீதை வைத்துக்கொண்டால் போதும். வருஷம் கழித்துச் சொன்னால் எடுபடாது.

நாமினி தகராறு கம்பெனியோடு இல்லை, வீட்டுக்குள். நாமினி பணத்தை வாங்கும் கை மட்டும்தான், சொந்தக்காரர் சட்டப்படியான வாரிசுகள்னு 1983ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015 திருத்தம் அதை மாற்றி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவங்களுக்கே சொந்தம்னு ஆக்கியது. கல்யாணத்துக்கு முன் அண்ணன் பேரைப் போட்டு அப்படியே விட்டிருந்தால் பழைய சண்டைதான்.

பயிர் காப்பீடு தனிக் கதை. 1985லிருந்து வந்த திட்டங்கள் எல்லாவற்றிலும், இப்போதைய 2016ம் வருஷத் திட்டத்திலும், அடிப்படை ஒன்றுதான். என் வயல் காய்ந்ததா என்பது கணக்கில்லை, என் கிராமத்திலோ பிர்க்காவிலோ மாதிரி அறுவடை செய்து பார்த்த சராசரி விளைச்சல் குறைந்ததா என்பதுதான் கணக்கு. அதனால் கருகின ராகிக் கதிரைக் கொண்டுபோய்க் காட்டினால் வழக்கு நிற்காது, அறுவடைப் பரிசோதனைக் கணக்கைக் கேட்டு வாங்கணும். ஆலங்கட்டி மழை, வெள்ளம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனி வயல் கணக்கு உண்டு. 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும். பிரிமியத்தைப் பிடித்துக்கொண்டு விவரத்தைச் சரியாக ஏற்றாமல் விட்டது பேங்கோ சொசைட்டியோ என்றால், பொறுப்பு அவங்களுடையது.

கடைசியாக

இந்த 250 வருஷக் கதையைப் பார்த்தால் ஒன்று தெரியுது. சட்டம் மெல்ல மெல்ல பாலிசிதாரர் பக்கம் நகர்ந்திருக்கு, நடுநடுவே ஓரடி பின்னாலும் போயிருக்கு. ஆனால் அது கைகொடுப்பது காகிதம் வைத்திருப்பவருக்குத்தான். ஃபாரத்தின் நகலை எல்லாரும் தூக்கிப் போட்டுவிடுகிறோம், கோர்ட்டில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்க. அந்தக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைப் பின்னால் கோர்ட்டில் கொண்டுவர முடியாதுன்னு 2019ல் தீர்ப்பு இருக்கு.

இன்னொன்று. கணவரை இழந்து இந்தச் சண்டையில் நிற்பது பெரும்பாலும் பெண்கள். சட்டப் பணிகள் சட்டத்தின் 12வது பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணையத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். இது தெரியாமலேயே மறுப்புக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, 2 வருஷம் ஓடிப்போய் உட்கார்ந்திருக்கிற அக்கா, அத்தை யாராவது உங்க தெருவிலும் இருப்பாங்க. போய்ச் சொல்லுங்க.